கை காட்டு

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் கழுத்துவலி எப்படி? தையல் மிஷின் மேலேயே கவிழ்ந்து கிடக்காமல் நடுநடுவே எழுந்து நட.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி கேட்பதில்லை, கடைசியில் சண்டை. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் மகள், நம் பொடிசு, விடுதியில் ஒட்டிக்கொண்டாள். என்ன படிக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் இப்படிச் சொல்: டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது பக்கத்தில் நின்று, அவர் கேட்கும் கருவியைக் கேட்கும் முன்னால் கையில் கொடுக்கிற வேலை. எங்கள் பயிற்சி அறையில் ஒரு ரப்பர் நோயாளி மேசையில் படுத்திருக்கிறான். பிள்ளைகள் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன செய்தாலும் கோபித்துக்கொள்ளாத ஒரே மாப்பிள்ளை அவன்தானாம்.

எனக்கும் பெயர் வைத்தாயிற்று. கைகாட்டி. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையும் கழுவுதொட்டி அருகில் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டிக் காட்ட வேண்டும், முன்பக்கம், பின்பக்கம், விரலிடுக்கு. ஒரு கீறல் இருந்தாலும் அன்றைக்கு வெளியேதான். வெடித்த தோலில் கிருமி குடியிருக்கும், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது, கிளவுஸ் கிழிந்தால் நேரே நோயாளியின் வயிற்றுக்குள் இறங்கும். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் முகம் பார்ப்பதில்லை.

நம் பொடிசைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அவளிடம் சொல்லாதே, தலை வீங்கிவிடும். என் வகுப்பில் அவள் கைதான் கை. கத்தரிக்கோலை உள்ளங்கையில் வைக்கும்போது ஒரு 'டப்' கேட்கும் பார், டாக்டர் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள், பதில் போடு.
அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அவர் லாரியோடு போனவர் இன்னும் திரும்பவில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நீ செய்யமாட்டாய்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கணினி படிப்பைப் பாதியில் விட்டாள். கணக்கர் படிப்பை அதற்கும் முன்னால் விட்டாள். "எனக்கு எதுவுமே வராதும்மா" என்று சொல்லிக்கொண்டு என் கடையில் ஊக்கு பொறுக்கிக்கொண்டிருந்த பெண் அவள். 'அவள் கைதான் கை' என்று நீ எழுதியதை வாடிக்கையாளர் ஒருவருக்கு வாசித்தே காட்டிவிட்டேன். அந்த அம்மாள் பாவம், பாவாடைக்கு நாடா போட வந்தவர்.

சொந்தம் என்று சலுகை காட்டாதே. ஆனால் அக்கா, இவள் இதை முடிக்க வேண்டும். ஒன்றையாவது தொடங்கி முடித்தாள் என்று இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.
தங்கச்சி

ஆகஸ்ட் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பொடிசின் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சிவந்து, முட்டிகளில் தோல் வெடித்து நீர் கசிகிறது. ஒரு வாரமாக வேறொரு பயிற்சியாளரின் வரிசையில் போய் நின்றிருக்கிறாள் கள்ளி. அவர் கையை மேலோட்டமாகப் பார்க்கிறவர்.

"வெளியே நில்லு" என்றேன்.

"லேசா எரியுது, அவ்வளவுதான் பெரியம்மா. கிளவுஸ் போட்டா தெரியாது."

"இங்க பெரியம்மா கிடையாது. வெளியே நில்லு."

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனாள். நான்தான் ஆபரேஷன் முடிந்ததும் துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கைக்குழந்தையாக இருந்தபோது அவள் முழங்கை மடிப்பிலெல்லாம் இப்படி வந்து, ராத்திரி சொறியாமல் இருக்கக் கைக்கு உறை தைத்துப் போட்டாயே, நினைவிருக்கிறதா? வளர வளரப் போய்விட்டது என்று நாம் எல்லோரும் மறந்துவிட்டோம். மறுபடி தலை காட்டுகிறது என்று நினைக்கிறேன். தோல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

விஷயம் இதுதான். சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆபரேஷன்களில் கை கழுவி உள்ளே நின்றிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்து வேண்டும். சான்றிதழ் இல்லாமல் எந்த நல்ல ஆஸ்பத்திரியும் எடுக்காது. கை ஆறாவிட்டால் என்ன செய்வது? கருவிக் கிடங்கில் வேலை வாங்கித் தரலாம், அதற்கு இவ்வளவு கழுவ வேண்டியதில்லை. நீ அவளிடம் பேசிப் பார்க்கிறாயா? அம்மா சொன்னால் கேட்பாள்.

உடனே பதில் எழுது.
அக்கா

செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? எனக்குக் கழுத்துவலி பரவாயில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பள்ளிச் சீருடை தைக்கும் வேலை குவிந்துவிட்டது. ஒரு பையனுக்குப் போன மாதம் அளவெடுத்த கால்சட்டை இந்த மாதம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அவன் அம்மா என்னோடு சண்டைக்கு வருகிறாள், நான்தான் துணியைத் தின்றுவிட்டேனாம். பக்கத்துக் கடையில் புதிதாகச் செருப்பு விற்கிறார்கள். மழை இருக்கிறது.

பொடிசுக்கு ஒரு பார்சல் உன் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். விடுதிக்கு அனுப்பினால் வாசலிலேயே பிரித்துப் பார்க்கிறார்களாம். உள்ளாடையும் பெண்பிள்ளைக்கு வேண்டிய சாமான்களும்தான், நீ பிரிக்காமல் கொடுத்துவிடு.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.
தங்கச்சி

அக்டோபர் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது செருப்புக்கடை. சரி, போகட்டும், இன்றைக்கு உன்னைத் திட்டுகிற மனநிலையில் நான் இல்லை.

தோல் டாக்டர் அவள் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுப் போட்டு சோதித்துப் பார்த்தார். ரப்பர் கிளவுஸ் செய்யும்போது சேர்க்கிற ஒரு ரசாயனம் அவளுக்கு ஆகவில்லையாம். அது இல்லாத கிளவுஸும் உலகத்தில் இருக்கிறதாம். ஸ்டோர் அதிகாரியிடம் போய் நின்றேன். "ஒரு பொண்ணுக்காக வேற கிளவுஸ் வாங்க முடியுமா மேடம்?" என்றார். தொங்கித் தொங்கி ஒரு பெட்டி வாங்கினேன். ஆனால் டாக்டர் சொன்னது வேறு: "கிளவுஸ மாத்தினாலும் தினம் இவ்வளவு தேய்ச்சுக் கழுவினா இந்தத் தோல் தாங்காதுங்க. வேற வேலை யோசிங்க." லேசான ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள்தான் போட வேண்டும், போடுகிற வரை தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்றார். விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். எனக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அடியே, ஓய்வு கொடுத்ததும் கை ஆறிவிட்டது! போன வாரம் என் முன்னால் நீட்டினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கைக்குழந்தை கை மாதிரி வழவழவென்று இருக்கிறது, ஒரு வெடிப்பு இல்லை. "போ உள்ளே" என்றேன். குரல் உடைந்துவிட்டது, இருமுவதுபோல் நடித்தேன். அன்றைக்குக் குடல் ஆபரேஷன், முடியும்வரை நின்றாள். டாக்டர் வெளியே வந்து, "அந்தப் பொண்ண எனக்கே குடுத்துடுங்க" என்கிறார். நான் என்ன, கத்தரிக்காயா விற்கிறேன்?

சாயங்காலம் பிள்ளைகளை வேலை நேர்காணலுக்கும் பழக்குகிறேன். "உங்க பலவீனம் என்ன?" என்று ஒருத்தியைக் கேட்டால் "பசி மேடம்" என்கிறாள். இதுகளை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைக்கிறேன் பார்.

பார்சலைக் கொடுத்துவிட்டேன். நிம்மதியாக இரு.
அக்கா

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். சந்தோஷம் அக்கா, வேறென்ன சொல்ல.

இன்னொரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். குளிர் காலமாயிற்றே, ஸ்வெட்டர். அதையும் அவளிடமே கொடுத்துவிடு.

தங்கச்சி

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பொடிசு தேர்வில் தேறியதையும், சான்றிதழ் வந்ததையும், வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததையும் போனில் கத்திக் கத்திக் கொண்டாடினோம். ஊரைக் கூட்டி இனிப்புக் கொடுக்காத குறை. இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல என்னால் முடியாது.

புது வகுப்பு தொடங்கிவிட்டது. நேற்றுத் தொட்டி அருகில் ஒரு பெண்ணின் விரல்கள் வெடித்திருந்தன. வெளியே நில் என்றேன். அவள் பயப்படவே இல்லை, என் காதருகில் வந்து கேட்கிறாள்: "மேடம், அந்த அக்காவுக்கு நீங்க கொண்டுவந்து கொடுப்பீங்களே, அந்த க்ரீம் எனக்கும் கிடைக்குமா? நைட்டு போட்டுக் கிளவுஸ் மாட்டிப் படுத்தா காலையில பளபளன்னு ஆயிடுமாமே?"

எந்த க்ரீம் என்று கேட்டேன். சொன்னாள். விடுதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உன் பார்சலில் வந்ததாம், கைகாட்டியே சுமந்து வந்து கொடுப்பாராம். வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மேய்வது தெரியாமலே மேய்ந்த வேலி நான்தான்.

அது என்ன மருந்து தெரியுமா உனக்கு? டாக்டர் எழுதிக் கொடுத்ததைவிடப் பல மடங்கு வீரியம். போட்டால் மேலே வழவழப்பாகும், அடியில் தோல் வெங்காயச் சருகாகும். மாதக்கணக்கில் போட்டால் கிளவுஸைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வெடிக்கும். பொடிசால் இனி போடவும் முடியாது, விடவும் முடியாது.

நேற்றே அவளைப் போனில் கூப்பிட்டேன். "கை நல்லாத்தான் இருக்கு பெரியம்மா" என்றாள். "கேமராவைத் திருப்பு" என்றேன். போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கை பார்க்கிற வழக்கமே இல்லையாம், விசாரித்தேன்.

நீ அம்மா. நீ சொல், வந்துவிடு என்று சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.
அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். அவள் போனில் தேம்பிக்கொண்டு, "அம்மா, எனக்கு வந்ததே இது ஒண்ணுதாம்மா, இதையும் புடுங்கிக்கிறாங்க" என்றாள். நம் தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் கொடுத்தார், என் கைக்குக்கூட ஒருமுறை கொடுத்திருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும். நீ பார்க்காத மாதிரி இருந்துவிட மாட்டாயா என்று ஆயிரம் தடவை எழுத நினைத்தேன். உன் குணம் தெரிந்து எழுதவில்லை. அதனால்தான் சீருடை, செருப்புக்கடை என்று எழுதினேன்.

வந்துவிடு என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆஸ்பத்திரி உடுப்பில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்தச் சிரிப்பை அவளைப் பெற்ற நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை அவள் ஜெயித்துவிட்டுப் போகட்டுமே.

நீ அந்த ஆஸ்பத்திரிக்கு எதுவும் எழுதிவிடாதே. உன் காலில் விழுகிறேன் அக்கா.
தங்கச்சி

மார்ச் 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? போனை எடுக்காததுக்கு மன்னிச்சிடுங்க. உங்க குரலைக் கேட்டா நான் உண்மையைச் சொல்லிடுவேன், அதான்.

நீங்க எப்பவும் திருத்தமா எழுதுன்னு சொல்வீங்க, எனக்கு இப்போ பேசுற மாதிரிதான் வருது. ரொம்ப நேரம் பேனா பிடிக்க முடியலை.

நேத்து ஒரு அம்மாவுக்கு ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் பொங்கிடுச்சு. டாக்டர் கையை மட்டும் நீட்டினார், எதுன்னு கேட்கலை. ரத்தத்தை அடைக்கிற கவ்வி அதுக்குள்ள அவர் கையில இருந்துச்சு. நான் எப்ப எடுத்தேன்னு எனக்கே தெரியலை பெரியம்மா. நீங்க பழக்கினது. எல்லாம் அடங்கினதும் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையில யாரும் என்னைப் பார்த்து அப்படித் தலையாட்டினதில்லை.

அப்புறம் கிளவுஸைக் கழட்டினேன். உள்ளே ஈரமா இருந்துச்சு. வியர்வை இல்லை.

நான் ரெண்டு கிளவுஸ் போட்டுக்கிறேன். ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் மட்டும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. நீங்க சொன்னா எனக்கு வேற எதுவும் இல்லை.

உங்க பொடிசு

மார்ச் 16

தங்கச்சிக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்சுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். போடும் முன் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய், நானும் நின்றிருப்பேன். அதனால் போட்டுவிட்டுச் சொல்கிறேன். கையைக் காரணம் காட்டி யாரும் அவளை இழிவாகப் பேசக் கூடாது, சிகிச்சைக்கு விடுப்புக் கொடுங்கள், கிடங்கிலோ அலுவலகத்திலோ இடம் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதியிருக்கிறேன். கேட்பார்களா என்று தெரியாது. என் கையெழுத்தை நம்பி அவள் உள்ளே நின்ற ஆபரேஷன்களைப் பற்றி இங்கே எங்கள் தலைவரிடமும் சொல்லிவிட்டேன். என்னை என்ன செய்வார்கள் என்றும் தெரியாது, அது பரவாயில்லை.

அவள் எனக்கு எழுதிய கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். அவ்வளவு நல்ல கை தங்கச்சி. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கையை நான் பழக்கியதில்லை. ஆனால் கிளவுஸைக் கழற்றியபோது 'உள்ளே ஈரமாக இருந்தது' என்று எழுதியிருக்கிறாளே, அந்த ஈரம் எந்த அம்மாவின் வயிற்றருகே இருந்தது என்று நினைக்காமல் என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மேசையில் மயங்கிக் கிடக்கிறவளுக்கும் எங்கோ ஒரு தங்கச்சி இருப்பாள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது ஓடிப் பார்க்க இடம் இருந்தது.

நான் செய்தது சரியா, நீயே சொல். திட்டியாவது எழுது.
அக்கா

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை. அவள் அங்கே இல்லை, போய்விட்டாள் என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உன்னிடம் வந்து சேர்ந்தாளா? அதை மட்டும் சொல். ஒரு வரி போதும்.

அக்கா

மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

வந்து சேர்ந்தாள். நீ கெஞ்சிக் கேட்டதில் விடுப்பு மட்டும் கொடுத்தார்கள், பிறகு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். களிம்பை நிறுத்தியதும் நீ எழுதிய மாதிரியே ஆனது. இரண்டு கைகளுக்கும் கட்டு. இங்கேயும் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுகிறோம். ஆறும் என்கிறார், வருஷம் ஆகலாம் என்கிறார். தியேட்டர் வேலை இனி கிடையாது என்பதை அவர் சொல்லும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலை வாரிவிடுகிறேன், பல் தேய்த்துவிடுகிறேன். சட்டைப் பொத்தானை அவளால் போட முடியவில்லை, எல்லாச் சட்டைக்கும் பொத்தானைப் பிரித்துவிட்டு நாடா வைத்துத் தைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் மகளுக்கு வேலை எப்படிப் போகிறது என்று கேட்கிறார்கள். லீவில் வந்திருக்கிறாள் என்கிறேன்.

அவள் என்னிடம் கோபப்படவில்லை அக்கா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மருந்தை அனுப்பியவள் நான், என் மடியில் தலை வைத்துப் படுக்கிறாள். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நீ செய்தது சரியா என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக யோசித்துவிட்டேன். சரிதான். அந்த மேசையில் நான் படுத்திருந்தால் நீ அதைத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பேன்.

ஆனால் இனி கொஞ்ச காலம் எழுதாதே அக்கா. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன், என்னவோ இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறாள். உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்தால் அன்றைக்கு முழுவதும் வாயைத் திறப்பதில்லை.

தங்கச்சி